அறுபது யூனிட்

உத்திரமேரூர் காவல் நிலையத்தில் போன் அலறியது. காலை பதினொன்றரை.

"சார், சாலவாக்கத்துலர்ந்து கோபால் பேசறேன். எங்க அண்ணன் பெருமாளை எங்க அண்ணியே ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க சார்..."

அரை மணியில் இன்ஸ்பெக்டர் தினகரன் அந்த வீட்டில் இருந்தார். கூடவே ஏட்டு துரை.

கட்டில் காலி. ஆம்புலன்ஸில் ஏற்றிய பெருமாள் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மனைவி சுதா சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. காலில் நடவுச் சேறு இன்னும் காயவில்லை. பாவம்!

"நேத்து தெருவே கேட்டுச்சு சார்," என்றான் கோபால். "இனிமே ஊசி வாணாம்னு அண்ணன் சொல்லிச்சு. 'ஊசி போட்டே உன்ன அடக்கறேன்'னு இவங்க கத்தினாங்க."

எத்தனையோ வீட்டில் பெண்டாட்டிகள் சொல்கிற வார்த்தைதான்... ஆனால் இங்கே ஒரு உயிர் போயிருக்கிறது.

தினகரனின் மொபைல் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் சந்தியா.

"ஆம்புலன்ஸ்ல பாத்தப்போ சுகர் வெறும் இருபத்திரண்டு சார். இன்சுலின் ஓவரா போயிருக்கு."

லைனைத் துண்டிக்காமலே சுதா பக்கம் திரும்பினார்.

"எவ்ளோம்மா போட்ட?"

"அறுபது யூனிட் சார். போட்டு, நாஷ்டா குடுத்துட்டு நடவுக்குப் போனேன். வந்து பாத்தா... சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு கெடந்தாரு."

"அறுபதா?"

"மூணு மாசமா அதான் சார். மொதல்ல இருவதுதான். சுகரு எறங்கவே இல்ல. டாக்டரு ஏத்திக்கினே போனாரு."

மருந்துச் சீட்டைக் காட்டினாள். இருபது... நாற்பது... அறுபது.

மூன்று மாதம் கொல்லாத அறுபது, இன்று மட்டும் எப்படிக் கொன்றது?

"மருந்தை எங்கம்மா வெப்ப?"

சுதா சாமி மாடத்தைக் காட்டினாள். அணையாத விளக்கு. ஒட்டினாற்போல் விபூதித் தட்டு. மேலே கரி.

"சாமிகிட்ட வெச்சா நோவு சீக்கிரம் போவும்னு, மாச மருந்த மொத்தமா அங்கதான் வெப்பேன்."

கையை உள்ளே விட்டார். சுட்டது. போனில் விஷயத்தைச் சொன்னார். டாக்டருக்குப் பிடிபட்டுவிட்டது.

"நம்ம உடம்புல செல்லு மேல இன்சுலினுக்குன்னு ஒரு இடம் இருக்கு சார். அங்க வந்து அது ஒட்டினாதான் ரத்தத்துல இருக்கிற சர்க்கரை உள்ள போகும். சூட்டுல கெட்டுப்போனது ஒட்டாது. அறுபதுல முக்கால்வாசி வீணாதான் போயிருக்கும். இன்னிக்குப் போட்டது நல்ல மருந்தா இருந்திருக்கணும். அறுபதும் வேலை செஞ்சிருக்கு."

"இன்னிக்கு மட்டும் எப்படிம்மா நல்ல மருந்து?" சுதாவிடம் கேட்டார்.

"இந்த மாச மருந்து மாடத்துல வெக்கல சார். வாங்கினதுலர்ந்து அதுலதான் கீது. காலைலதான் புதுப் புட்டி பிரிச்சேன்."

அவள் கை காட்டிய மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்த புது ஃபிரிட்ஜ்!

"யாரு வாங்கினது?"

சுதாவின் பார்வை கொழுந்தன் மேல் போய் நின்றது.

கோபாலின் முகம் வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் சார்... ஊசி மருந்த குளுமையா வெக்கணும்னு டிவில சொன்னாங்க... அண்ணன் நல்லா இருக்கணும்னுதான்..."

தலையில் அடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டருக்கே கண் கலங்கியது.

சுதா எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இன்னா பண்ணுவ கோபாலு... நல்லதுக்குத்தான வாங்கியாந்த."

ஏட்டு துரை மெல்லக் கேட்டார். "சார், அக்யூஸ்டுன்னு யார எழுதறது?"

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"அதோ நிக்குதுய்யா," என்றார் தினகரன். "வெலங்கு மாட்டலாம்னா கைதான் இல்ல."