ஒன்றாம் எண் பை

அம்மா கடைசியாகச் செய்த வேலை, நான்கு பைகளுக்கும் நகச்சாயத்தால் எண் போட்டது. கைப்பிடிக்குக் கீழே, சிவப்பாக. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு இரண்டு, மகளுக்கு மூன்று, அவள் தம்பிக்கு நான்கு. எங்கே இறங்கினாலும் அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பை எதுவும் விட்டுப்போகாது என்பது அம்மாவின் சட்டம்.

அன்று சாயம் காய்வதற்குள் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. பயணமும் நின்றுபோனது.

ஒரு வருடம் கழித்து, அம்மா பார்க்க ஆசைப்பட்ட அதே ஊரில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பைகள் மட்டும் நான்கு. அம்மாவின் பையை அதுவரை யாரும் திறக்கவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை. ஒரு கையில் தன் பை, மறு கையில் அந்தப் பை என்று அப்பாதான் சுமந்தார்.

பத்தே நிமிடத்தில் அவளுக்கு ஊர் அலுத்துவிட்டது. கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு அலறியது. கதவு என்று நினைத்துப் போனால் கண்ணாடிச் சுவர்; தம்பி இரண்டு முறை மூக்கை இடித்துக்கொண்டான். கரடி வேஷம் போட்ட ஒருவர் கேட்காமலே வந்து கட்டிப்பிடித்தார். ஒரே வேர்வை நாற்றம். திருப்பத்துக்குத் திருப்பம் இதய வடிவில் ஒரு விளக்கு வளைவு, அதன் கீழே படம் எடுக்க ஒரு வரிசை.

அவர்களும் ஒரு வரிசையில் நின்றார்கள். அப்பா எலெக்ட்ரீஷியன். அவருடைய கவலை வேறு.

“பட்டப்பகல்ல எதுக்கு இத்தனை லைட்டு? அதுலயும் மேல ரெண்டு பல்பு எரியல, பாத்தியா?”

“ஊரைப் பாருங்கப்பா. பல்பைப் பாக்காதீங்க.”

“ஊரே பல்பாத்தானே இருக்கு.”

கம்பித் தடுப்புக்கு மேலே தம்பியின் தலை தெரியவில்லை. அப்பா அவனை ஒரு பையின் மேல் ஏற்றினார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அசடு வழியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு மூவரும் ஓடிவந்தார்கள்.

ஹோட்டல் வாசலில் அப்பா “ரெண்டு” என்றார். அவள் “மூணு.” தம்பி “நாலு.” எல்லாம் சரி. தலையைச் சொறிந்துகொண்டே அப்பா அறைச் சாவி கேட்டார்.

சொறிய அவருக்குக் கை ஏது?

அவள் கீழே பார்த்தாள். மூன்று பைகள்தான் இருந்தன. ஒன்று என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் அது விட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை.

அப்பா சாவியை வாங்காமலே திரும்பினார். தெருவில் இறங்கி அந்தப் பக்கம் நாலடி, இந்தப் பக்கம் நாலடி நடந்தார். எல்லா வளைவும் ஒரே மாதிரி மின்னியது. எதில் நின்று படம் எடுத்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நாசமாய்ப் போன விளக்குகள்.

விளக்குகள்!

“அப்பா, ரெண்டு பல்பு எரியாத வளைவைத் தேடுங்க.”

முதல் வளைவில் எல்லாம் எரிந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதை அப்பா தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அங்கே காவலாளி ஒருவர் பையைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் தருவேன் என்றார். இன்று காலையிலிருந்து இது ஐந்தாவது பையாம்.

அப்பா குனிந்து, கைப்பிடிக்குக் கீழே இருந்த சிவப்பு எண்ணைக் காட்டினார்.

“உங்க பைன்னு சொல்றீங்க, உள்ள என்னன்னு தெரியாதா?”

“அது எங்கம்மா அடுக்கினது, மாமா. அம்மா இப்ப இல்ல,” என்றாள் அவள். “ஆனா மேலாக ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் இருக்கும். இவன் எங்க போனாலும் குளிருதும்பான். அதனால அம்மா எப்பவும் அதைக் கைக்கு எட்டுற மாதிரி வைப்பாங்க.”

காவலாளி ஜிப்பைக் கொஞ்சமாக இழுத்தார். மஞ்சள் தெரிந்தது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை. ஸ்வெட்டரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பையை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

வெயில் கொளுத்தியது. தம்பி உடனே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டான். கை மணிக்கட்டு வரை எட்டவில்லை. “குளிருது” என்று முறைத்தான்.

ஹோட்டல் வாசலில் அப்பா எண்ணைச் சொல்ல ஆரம்பித்துத் தயங்கினார்.

“இருங்கப்பா. இனிமே அம்மா நம்பரையும் நானே சொல்றேன்,” என்றாள் அவள். “ஒண்ணு.”

“ரெண்டு,” என்றார் அப்பா, மெதுவாக.

“மூணு.”

“நாலு,” என்றான் தம்பி.

பையைக் கீழே வைக்கும்போது அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை மிதி, இத்தனை இழுபறிக்குப் பிறகும் அந்தச் சிவப்பு ஒன்று, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, அம்மா போட்டபடியே இருந்தது.