மூன்றாவது ஸலாம்

கனடாவில், மார்க்கம் நகரத்துக் குணவதி அக்கா வீட்டு ஹோலில், சுவரோடு சேர்த்து ஆணியடித்திருந்த பழைய மரக்கதவை றசீனா தற்செயலாகத் தொட்டபோது அது வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது. அலங்காரக் கதவுதான், பின்னால் வெறும் சுவர், வெளியே பனி கொட்டும் மத்தியானம். ஹீற்றர் சூடாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் சடசடக்கும் சத்தத்துக்கும் பெருஞ்சீரக வாசத்துக்கும் அடியில், மழை நனைத்த செம்மண்ணின் வாசம் மெல்ல ஊறி, கார்ப்பெட்டின் மேல் தவழ்ந்து அவள் காலடிவரை வந்தது. கதவின் உச்சியில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அதை விலக்கினாள். செதுக்கிய பிறை. ஒரு முனை உடைந்திருந்தது. தம்பி பந்தடித்து உடைத்த முனை.

தொண்ணூறில் புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் விரட்டியபோது வாப்பா இழுத்துச் சாத்திய கதவு. றசீனாவுக்கு அப்போது ஒன்பது வயது. புத்தளம் அகதி முகாமில் கண்மூடி மௌத்தாகும்வரை வாப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“உது எங்கடை வீட்டுக் கதவு, அக்கா.”

“தெரியும்.” குணவதி திரும்பவில்லை. “ஊரிலையிருந்து அண்ணை அனுப்பினவர். ஆக்களில்லாத வீடுதானே.”

ஒரே வேலைத்தலம், ஒரே சாப்பாட்டு மேசை, இத்தனை வருடம். பாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

கதவுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

வாப்பாவின் குரல். சொந்த வீட்டுக்குள்ளும் ஸலாம் சொல்லித்தான் நுழைவார்.

குணவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“பேசாமல் இரும். ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான். மூண்டுதரம் சொல்லிப்போட்டு, பதில் இல்லாட்டில் போயிடுவினம். நீர்தானே உந்த வழக்கத்தை எனக்குச் சொன்னனீர்.”

ஓம். அவள்தான் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், சிரித்துச் சிரித்து.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

இப்போது பல குரல்கள். உம்மா. பக்கத்து வீட்டார். முழுத் தெருவும்.

ஒரு பதில் போதும். வாப்பா வீட்டுக்குள் வந்துவிடுவார். றசீனா வாயைத் திறந்தாள். உழுந்துமா ஒட்டிய உள்ளங்கை ஒன்று பின்னாலிருந்து அதைப் பொத்தியது. திமிறினாள். கை இறுகியது.

மூன்றாவது ஸலாம். மெதுவாக. களைத்து.

பதில் இல்லை.

கதவின் அடி இடைவெளியில் பாதங்கள் தெரிந்தன. நெருக்கமாக. செம்மண் படிந்து. வாப்பாவின் பாதங்கள் முதலில் திரும்பின. பிறகு உம்மா. பிறகு மற்றவர்கள்.

கடைசியாக, பெருவிரல் நகம் பெயர்ந்த ஒரு சிறுமியின் கால்கள். ஒன்பது வயது றசீனாவின் கால்கள். கொஞ்சம் காத்து நின்றன. அவையும் திரும்பின.