ஆலங்கட்டி நிற்கும்வரை

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்த நேரத்திலிருந்தே டிரெய்லர் கனத்தது. சமதரையில், காற்று அசையாத வெயிலில், காலிப் படகைத்தான் இழுத்துப் போனார்கள். ஆனாலும் பிக்கப் வண்டி மேடு ஏறுவதுபோல் முனகிக்கொண்டே இருந்தது.

வெர்னா மூன்று வாரம் வானிலை பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துத் திட்டமிட்ட பயணம். நெப்ராஸ்காவில் கோடை இடி மதியத்துக்கு மேல்தான் மேற்கிலிருந்து கிளம்பும். விடியலில் புறப்பட்டால் அதற்குள் டகோட்டா ஏரியில் படகை இறக்கிவிடலாம். வழியில் டிரெய்லர் டயர் வெடித்து மூன்று மணி நேரம் போயிற்று. இப்போது வானம் பாசி பிடித்த குட்டைபோலப் பச்சையாகத் தொங்கியது.

"உன் நோட்டப் பாத்து மேகம் ஒதுங்கிப் போயிடும்னு நெனச்சியா?" என்றான் வண்டியோட்டிய கணவன் ஆர்லன். அவள் நோட்டை மூடினாள்.

கைவிடப்பட்ட தானியக் கிடங்கு ஒன்று தென்பட்டது. லாரிகள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் நீண்ட தகரக் கொட்டகை. படகோடு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, மறுபுறக் கதவு துருவேறி, இறங்கி மூடிக் கிடந்தது. பின்னால் எடுப்பதற்குள் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கிவிட்டது. இருபுறமும் சுவர். வண்டிக் கதவுகள் ஒரு சாண் அகலமே திறந்தன.

தகரத்தின் மேல் பனிக்கட்டிகள் இரைந்தன. பழைய கோதுமையும் எலி மூத்திரமும் கலந்த வாடை மூச்சை அடைத்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், படகின் மூடுதுணிக் கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழும் சத்தம் கேட்டது.

காற்றுதான் என்று சொல்லிவிட்டு ஆர்லன் ஜன்னல் வழியே ஏறி இறங்கி, உடலை ஒடுக்கிச் சுவரை ஒட்டிப் பின்னால் போனான். பின்பார்வைக் கண்ணாடியில் இருட்டுதான் தெரிந்தது.

பத்து நிமிடம் கழித்து அதே ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

கயிற்றைக் கட்டியாயிற்றா என்று கேட்டாள். தலையசைத்தான். ஜன்னலை ஏற்றினான். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான்.

அவனிடமிருந்து ஏரிச் சேற்றின் நாற்றம். ஏரிக்கு இன்னும் நூற்றைம்பது மைல்.

அவள் பக்கத்துக் கண்ணாடியில் தட்டல்.

ஆர்லன். நெற்றி கிழிந்து ரத்தம். "வெர்னா, கண்ணாடிய எறக்கு. படகுக்குள்ள யாரோ இருந்திருக்காங்க."

பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி அசையவில்லை. மறுபடி அழுத்தினாள்.

வெளியே நின்றவன் அவளைத் தாண்டிப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கையில் தன் முகத்தையே பார்த்தான். தட்டிய கை கண்ணாடியில் விரிந்தபடி நின்றது.

பக்கத்தில் இருந்தது மெல்ல அவள்மேல் சாய்ந்தது. கையை நீட்டி, கண்ணாடிக்கு அப்பால் இருந்த உள்ளங்கைமேல் தன் உள்ளங்கையைப் பொருத்தி வைத்தது. பிறகு வாயைத் திறந்தது.

குளிர்ந்த நீர் வெர்னாவின் மடியில் வழிந்தது. நிற்கவில்லை. கணுக்காலை மூடியது. முழங்காலை மூடியது.