மரீதா கொடுத்த வெள்ளைக் கவுன்

வெயிலில் மொறமொறவென்று காய்ந்திருந்த வெள்ளைக் கவுனில் அந்த ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. இடுப்புப் பக்கம், பழுப்பாக, சின்னக் கையளவு கறை.

எசெத்தா முகர்ந்து பார்த்தாள். கடல் சேற்று வாடை.

நாளைக்குப் பிள்ளைகளின் வெள்ளை ஞாயிறு. சவாயி தீவுப் பிள்ளைகள் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வசனம் சொல்லும் நாள். மகள் லாங்கிக்குப் போன வருஷத்து உடுப்பு பற்றவில்லை. அடுத்த வீட்டு மரீதா தானே பெட்டியைத் திறந்து இதை எடுத்துத் தந்தாள். போன மழையில் கடலில் மூழ்கிப்போன அவள் மகள் சியெனிக்குத் தைத்தது. சியெனி அதை உடுத்தவே இல்லை.

“பூச்சி அரிக்கிறதுக்குப் பதிலா லாங்கி போடட்டும். நீ தச்சு முடிக்கிறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிரும்டி” என்று சிரித்தாள் மரீதா.

எசெத்தா எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவி, கவுனை வெயிலில் கற்களின்மேல் விரித்தாள். எந்தத் துருக்கறையும் இதற்கு நிற்காது. அரை மணியில் அது போயிற்று. ஒரு சாண் மேலே, விலாப்பக்கம் இன்னொன்று. அதற்கு ஆப்ப சோடா. தோளில் ஒன்று. அதற்கு வினிகர். தகரக் கூரை வெயிலில் படபடக்க, யாரோ தேங்காய் மட்டை எரிக்கும் புகை கண்ணைக் கரிக்க, விரல் நுனிகள் எலுமிச்சைச் சாற்றில் எரிந்து தோலுரிய, தேய்த்தாள், தேய்த்தாள். ஆண்டவரே, பிள்ளை சபை முன்னால் தலை குனியக் கூடாது.

கடைசியில் கவுன் உப்பாக வெளுத்தது.

“அம்மா, குளிருது.”

வாசலில் லாங்கி. நடுமத்தியானத்தில் போர்வையோடு. எசெத்தா அதை விலக்கினாள்.

இடுப்பில் ஒரு கை. விலாவில் ஒன்று. தோளில் ஒன்று. பழுப்பாக. ஈரமாக. ஐந்தைந்து விரல்.

“யாருடி உன்னப் புடிச்சா?”

“யாரும் இல்லம்மா. மூச்சுதான் முட்டுது.”

லாங்கி இருமினாள். வாயிலிருந்து கடல் நீர் வழிந்தது.

துணியிலிருந்து பிள்ளைக்கு வந்தது. பிள்ளையிடமிருந்தும் எங்காவது போகத்தானே வேண்டும். எசெத்தா எலுமிச்சையும் உப்பும் எடுத்தாள். தன் இடுப்புத் துணியின் நுனியால் துடைத்தாள்.

“என்கிட்ட வந்துரு, கண்ணு” என்றாள்.

லாங்கியிடம் அல்ல.

ஞாயிறு காலை லாங்கி கணீரென்று வசனம் சொன்னாள். மரீதா எசெத்தாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

“ஒரு பொட்டுக் கறை இல்ல. கைராசிக்காரிடி நீ.”

எசெத்தா உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் தண்ணீர் வரும். முழுக்கைச் சட்டைக்குள் அந்தக் கறை நகர்ந்தது. விலா. தோள். கழுத்து.

பக்கத்திலேயே மரீதாவின் கை. ஒரு துடைப்பு போதும், அவளிடம் போய்விடும்.

பெற்றவளுக்கு அந்தக் கடல் இன்னொரு முறை வேண்டாம்.

கழுத்தின்மேல் தன் உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டாள். அடியிலிருந்து ஐந்து சின்ன விரல்கள், சில்லென்று, அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன.