கண்ணாடியில் பளிச்சிட்டது

"ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே... கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அருங்காட்சியகத்தில் பழம்பட்டுகள் இருக்கும் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். வெளிச்சம் பட்டால் பட்டு வெளுத்துவிடும் என்று அங்கே விளக்குகளை மங்கலாகவே வைத்திருப்பார்கள். அந்த அரையிருட்டில் திடீரென்று ஒரு வெளிச்சம் பளிச்சிட்டதும் அவளுக்கு வந்ததே கோபம்!

புகைப்படக்காரன் நிமிர்ந்தான். அருங்காட்சியகத்தின் கேட்லாக் முழுவதற்கும் படம் எடுக்க வந்தவன். ட்ரைபாட் வைக்கவும் அனுமதியில்லை என்பதால், முழங்கைகளைத் தூணில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கி, சிலையாக நின்று இரண்டு நாளாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஃபிளாஷே கிடையாதுங்க."

"அப்போ உள்ள மின்னல் வெட்டுச்சா?"

அவன் கேமராவின் திரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அப்புறம் மூடிக்கொண்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிடுக்கோடு அவள் இயக்குநரிடம் போனாள். அரை மணி நேரத்தில் அவனுடைய அனுமதி ரத்து.

போகும்போது மெமரி கார்டை அவள் மேசையில் வைத்தான். கோபமே இல்லாத கண்கள்... அதுதான் அவளை உறுத்தியது. திட்டிவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

படங்களுக்கு எண் போட உட்கார்ந்தாள். அடேயப்பா! இருட்டில் எடுத்தவை என்று யார் சொல்வார்கள்? ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. கடைசிப் படத்துக்கு வந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிப் பெட்டியில் எரியும் ஒரு டார்ச் விளக்கின் பிம்பம், அதைப் பிடித்திருப்பவள்... அவளேதான்! இருட்டான சேமிப்பறையில் ஏற்றிய டார்ச்சை அணைக்க மறந்து, அப்படியே கூடத்துக்குள் நுழைந்திருக்கிறாள். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய தன் வெளிச்சத்துக்குத்தான் அவனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாள். அவனுக்கு அது அப்போதே தெரியும்.

தன்மானம் காலைப் பிடித்து இழுக்கத்தான் செய்தது. உதறிவிட்டு இயக்குநரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். நன்றாகத் திட்டு வாங்கினாள். அனுமதியையும் திரும்ப வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பஸ் வராத புண்ணியம், நிறுத்தத்தில் பையை அணைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

"டார்ச் என்னுதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க வேலைக்கு ஆபத்தாச்சேன்னு..."

"உங்க வேலை போச்சே!"

"எனக்கு இன்னொரு இடம் கெடைக்கும்."

"படத்தையாவது அழிச்சிருக்கலாம்ல?"

"அழிக்கத்தான் போனேன்..." அவன் தரையைப் பார்த்தான். "கை வரலீங்க. நான் எடுத்ததுல உங்க முகம் விழுந்த படம் அது ஒண்ணுதான்."

இமைகளில் தங்கிய மழைத்துளியைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் வந்தது, நின்றது, போனது. அவன் ஏறவில்லை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடுங்க. அனுமதி வாங்கிட்டேன்."

"நீங்களும் டார்ச்சோட வருவீங்களோ?" அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டாள்.

"அந்தக் கூடத்த நான் காலைல ஒரு தடவ சுத்திப் பாத்தா போதும்..." அவனை நேராகப் பார்த்தாள். "இன்னிக்கு நாலு தடவ வந்தேன். ஒரு தடவகூட பட்டுத் துணியப் பாக்க வரல."