நான்கு கோடி நெஞ்சுக்கு ஒரு பாட்டு

குமுதவல்லி அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். மதுரையில் ஒரு முகூர்த்தத்தில் தாலியோடு நீண்ட மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. எதற்கென்று தெரியாத ஒரு பயம் வந்து நெஞ்சில் உதைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிப்போனது.

அம்மாளுக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பாடகி, சோப்பில் கால் வைத்துவிட்டார், பயந்துபோனார், அவ்வளவுதான். அந்தப் பயம்தான் தமிழ்நாட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது.

எல்லாம் 'மத்தள நெஞ்சு' செய்த வேலை. அந்தப் பாட்டைக் கேட்காதவர் அப்போது யாரும் இல்லை. கேட்டவர் எல்லாரும் செவிமணியில்தான் கேட்டார்கள். செவிமணி என்பது காதுக்குள் செருகிக்கொள்ளும் சிறு மணி. காதிலிருந்து இதயத்துக்குப் போகும் நரம்பை அது மெல்லச் சீண்டும், பாட்டின் தாளத்துக்கு இதயமும் துடிக்கத் தொடங்கும். இதற்கு இணைதுடிப்பு என்று பெயர். செவிமணி வந்த பிறகு சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள், உடம்பே ஆடும்போது எப்படி உட்காருவது? பாட்டு முடிந்ததும் இதயம் தன் பழைய நடைக்குத் திரும்பிவிடும் என்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

நடன இசையில் பெயர் வாங்கியிருந்த நிஜாமுதீன், ரசிகர்களுக்கு நிஜா, குமுதவல்லியோடு ஒரு பாட்டு செய்யப் போகிறான் என்றதும் பலர் சிரித்தார்கள். சினிமாவுக்கு ஆயிரக்கணக்கில் பாடியவர்தான், ஆனால் பத்து வருடமாக அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒலிப்பதிவின் முதல் நாளே தகராறு. இப்போதெல்லாம் பாடுகிறவர் காதில் கணினி 'டிக் டிக்' என்று தாளம் தட்டும், அதற்குள் பாடவேண்டும். அம்மாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"இது என்னை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்குது தம்பி. எங்க காலத்துல பாடறவங்க மூச்சைப் பார்த்துத்தான் வாசிப்பாங்க. நீ என் பின்னால வா."

வேறொருவனாக இருந்தால் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பான். நிஜா பிடிவாதக்காரன். அவர் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்குள், அரிசி அளவில், துடிப்பை அறியும் ஓர் உணரியை வைக்க ஏற்பாடு செய்தான். அவர் இதயம் எப்படித் துடிக்கிறதோ அப்படியே மத்தளம் விழுந்தது. அம்மாள் குழந்தைபோல் சிரித்துக்கொண்டு பாடினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரே பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடி அவருக்குப் பழக்கமில்லை, பதிவாகி உறைந்துபோன பாட்டு செத்த பாட்டு என்பார். அதற்காக நிஜா உணரியை அணைக்காமலே விட்டான். யார் எங்கே அந்தப் பாட்டைப் போட்டாலும், அந்த நொடியில் அம்மாளின் நெஞ்சு துடிப்பதுதான் அதன் தாளம். உயிர்த்தடம் என்று அதற்குப் பெயரும் வைத்தான். பெரியவருக்குச் செய்த மரியாதை என்று நினைத்துத்தான் செய்தான். தப்பு அங்கேதான் நடந்தது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. தாளம் துள்ளினால் 'அம்மா காபி குடிச்சிட்டாங்க' என்று கல்லூரிப் பெண்கள் கேலி பேசினார்கள். பிறகு, பாட்டு முடிந்தாலும் துடிப்பு நிற்க வேண்டாம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். செவிமணி நிறுவனம் சந்தோஷமாகச் சம்மதித்தது. தூக்கம் வராதவர்கள் தூங்கினார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் கை நடுங்கவில்லை. டாக்டர்களே அதைச் சிபாரிசு செய்தார்கள். நிஜா உட்பட நான்கு கோடிப் பேர் செவிமணியைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஒரே ஒரு நெஞ்சின் நிதானத்தில் சாப்பிட்டு, வேலை பார்த்து, உறங்கி எழுந்தார்கள்.

அம்மாள் விழுந்த அன்று நடந்ததை முதலில் புரிந்துகொண்டவன் நிஜாதான். வீட்டுக்கு ஓடி, மனைவி பர்சானாவிடம் செவிமணியைக் கழற்றச் சொன்னான். அவள் ஏதோ விளையாட்டென்று சிரித்தபடி கழற்றினாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சமையல் மேடையோரம் சரிந்து விழுந்தாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மணியை அவள் காதில் திணித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அரசு அனுப்பிய இதய நிபுணர் டாக்டர் ரூபவதி பூசி மெழுகாமல் சொன்னார். யாரோ சொல்லச் சொல்லத் துடித்துப் பழகிய இதயம், தானாகத் துடிப்பதை மறந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் ஒரு வருடத்தில் எல்லாரையும் மீட்டுவிடலாம். அதுவரை அம்மாளின் துடிப்பு நிற்கக்கூடாது. பதிவு செய்த துடிப்பை ஒரு வார்டில் கொடுத்துப் பார்த்தார்கள். பதிவு முடிந்து திரும்ப முதலிலிருந்து ஓடிய இடத்தில் படுத்திருந்த அத்தனை பேரும் மூச்சுக்குத் தவித்தார்கள். அந்த இதயங்களுக்கு உயிருள்ளது எது, இல்லாதது எது என்று தெரிந்திருந்தது. வேறொருவரின் நேரடித் துடிப்பையும் அவை ஏற்கவில்லை.

அதே பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மாளின் இதய வால்வு சுருங்கிக்கொண்டு வந்தது. இப்போதே அறுவை சிகிச்சை செய்தால் இன்னும் நிறைய வருடம் இருப்பார். ஆனால் அதற்கு இதயத்தை ஒரு மணி நேரம் நிறுத்தவேண்டும். செய்யாவிட்டால் மாத்திரையும் படுக்கையுமாக ஒரு வருடம் ஓட்டலாம். அதன்பின் சிகிச்சைக்கான காலம் தாண்டிவிடும். அந்த ஒரு வருடம் மற்றவர்களுக்குப் போதும்.

அரசு யோசித்துவிட்டு, கேட்பவர்களிடமே கேட்டது. கைப்பேசியில் ஒரே கேள்வி: இப்போது சிகிச்சை செய்யலாமா, வேண்டாமா? கெட்டவர்கள் யாரும் இல்லை. பலர் அழுதுகொண்டேதான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்கள். கண்ணாடிமுன் தலை பின்னிக்கொண்டிருந்த பர்சானாவைப் பார்த்தபடி நிஜாவும் அழுத்தினான்.

'வேண்டாம்' என்றே முடிவானது. ஒரே நிபந்தனை, அம்மாளுக்குத் தெரியக்கூடாது. அவர் ரொம்பப் பயந்தால் அந்த வால்வு தாங்காது. சுளுக்கு, ரத்தக்கொதிப்பு, ஓய்வு வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய நிகழ்ச்சிகள் மட்டும் ஓடின. அந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை, தீபாவளிக்கு ஒரு பட்டாசு வெடிக்கவில்லை. ஒரு சமாச்சாரத்தை நான்கு கோடிப் பேர் வாய்திறக்காமல் காப்பாற்றியது நம் ஊரில் அதுதான் முதல் தடவை.

அடுத்த பாட்டுக்கு மெட்டு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நிஜா வாராவாரம் போய்வந்தான். ஒரு நாள் காலை அப்படித்தான் போனான். அம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். நர்ஸை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் இருமினா நர்ஸு தன் நெஞ்சைப் பிடிக்கிறா. பால்காரரும் வாசல்ல நின்னு பிடிக்கிறாரு. ஏன் தம்பி?"

அவன் எதையோ சொல்லிச் சமாளித்தான். அவர் அதைக் கேட்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். இன்னொரு கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். ஆயுள் முழுக்கத் தாளத்தோடு வாழ்ந்தவர், அதிக நேரம் பிடிக்கவில்லை.

"என்னோடதுதான் உனக்குள்ள ஓடுதா?"

மறைக்கத்தான் நினைத்தான். ஆனால் பதறவேண்டிய அவன் நெஞ்சு பதறவில்லை, அதில் ஓடியது அவருடைய நிதானம். அந்த நிதானத்தின் தைரியத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். செவிமணி, பர்சானா, வால்வு, ஒரு வருடம், கேள்வி, பதில் எல்லாவற்றையும்.

அம்மாள் அவன் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தார்.

"நீயும் வேணாம்னுதான் போட்டியா?"

"ஆமாம்மா."

அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார், அரசு வைத்த காவலர்கள் நின்ற வாசலைப் பார்த்தார். அப்போது அது வந்தது. முதலில் நிஜாவின் நெஞ்சுக்குள் குளிர்ந்தது, பிறகு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பிழைக்க வழி இருந்தும் சாக விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்ட ஒருவரின் பயம் அது. நிஜா தன் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

தெருவில் ஒரு கார் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில், நகரம் முழுவதிலிருந்தும், ஓர் ஓலம் கிளம்பியது. சொல்லக்கூடாது என்று மறைத்து வைத்திருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டதை, நான்கு கோடிப் பேரும் இப்போது அவருடைய நெஞ்சாலேயே தெரிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஓலம் அம்மாளின் காதிலும் விழுந்தது. அவர் போர்வையை இறுகப் பிடித்தார்.

நிஜா கட்டிலோரம் மண்டியிட்டு அவர் கால்களைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதீங்கம்மா. தயவுசெஞ்சு பயப்படாதீங்க."

"பயப்படாம எப்படிடா இருக்கிறது? எனக்குச் சொல்லு, நான் இருக்கேன்."

அவன் திரும்பத் திரும்ப அதையேதான் கெஞ்சினான். அவன் கெஞ்சக் கெஞ்ச அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது, அவனுக்குள் அந்தத் துடிப்பு இன்னும் வேகமெடுத்தது.