எதிரிணை

வெள்ளிக்கிழமை என்றால் சலோமி தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் ஆம்பூர் ஈட்டுதவி மையத்துக்குப் போவாள். மாயு அவளைப் பார்ப்பாளே.

கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்ததும் திரையில் மாயுவின் முகம் தெரிந்தது. கடல் தாண்டிய ஒரு தீவில், ஷூ ஆலையின் சாப்பாட்டு அறையிலிருந்து பேசினாள்.

"என் வேலை உன்னிடம் இருக்கிறதா?" சட்டம் சொல்லிக்கொடுத்த கேள்வியைச் சலோமி கேட்டாள்.

"உங்கள் வேலை என்னிடம் இருக்கிறது." மாயுவின் பேச்சை மொழிபெயர்ப்பி பாடப்புத்தகத் தமிழில் சொன்னது. பச்சை விளக்கு எரிந்தது. இந்த வாரத்து உதவி உறுதி.

மலிவான இறக்குமதி ஷூக்கள் வந்து ஆம்பூர் ஆலைகள் மூடியபோது வந்த சட்டம் இது. வேலை போன ஒவ்வொருவருக்கும், அதே வேலையை வெளிநாட்டில் செய்கிற ஒருவர் எதிரிணை. வேலை அங்கே மலிவாக நடக்கும்வரை இங்கே உதவி வரும். அங்கே செலவு கூடி இறக்குமதி குறைந்தால், பாதிப்பு நீங்கியதாக அர்த்தம், உதவி நின்றுவிடும். இங்கே மூடிய ஆலை திறந்ததா என்று சட்டம் கேட்காது.

சாட்சி வாக்கியம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளலாம். மாயு அன்று தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, என் காலிலிருந்து செருப்பு நழுவி விழுவது எனக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே இருப்பதால்தான் என்கிறார் மேலாளர். சோல் ஒட்டும் பசையாக இருக்குமோ? நீங்களும் இதே வேலை செய்தவர். நீங்கள் சொன்னால் அது சாட்சியாகப் பதிவாகும். எங்கள் ஊர்த் தொழிலாளர் மன்றம் கேட்கும்."

சோல் ஒட்டும் பேஸ்டிங் பிரிவில் சலோமிக்கும் கால் மரத்துப்போயிருக்கிறது. சொல்யூஷன் என்கிற அந்தப் பசையின் ஆவிதான் காரணம். சங்கம் சண்டை போட்டு, மேஜைக்கு மேஜை ஆவியை இழுக்கும் உறிஞ்சுகுழாய் வைக்கச் செய்த பிறகுதான் கால் திரும்பி வந்தது.

தடுப்புக்கு வெளியே காத்திருந்த பழைய ஆலைத் தோழி கஸ்தூரி கதவிடுக்கில் குனிந்து கிசுகிசுத்தாள். "இன்னாடி யோசிக்கிற? அங்க குழாய் வெச்சா ஷூ வெல ஏறிடும். நம்ம எல்லாரு பொழப்பும் பூடும். உம் பொண்ணு நர்ஸிங் படிக்கிறத நெனச்சிக்கோ."

சலோமி திரையைப் பார்த்தாள்.

"நின்னுக்கினே இருந்தா அப்பிடித்தாம்மா. எண்ண தேய்ச்சிக்கோ, சரியாப் பூடும்."

மாயுவின் முகம் தெளிந்தது. "நன்றி அக்கா. நீங்கள் சொன்ன பிறகுதான் பயம் போனது."

அதன்பிறகு வெள்ளிக்கிழமை வந்தாலே சலோமிக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வாராவாரம் மாயு அந்த எண்ணெய்க்காக நன்றி சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், அப்போதும் சொன்னாள். சலோமி அவள் கண்ணைப் பார்க்காமல் திரையின் ஓரத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை திரையில் வேறொரு முகம் வந்தது. இன்னும் சின்னப்பெண்.

"மாயு எங்கம்மா?"

"அவரால் நிற்க முடியவில்லை. அனுப்பிவிட்டார்கள். இப்போது உங்கள் வேலை என்னிடம் இருக்கிறது."

பச்சை விளக்கு எரிந்தது. உதவிக்கு ஒரு குறையுமில்லை. சலோமி எழுந்திருக்கவில்லை.

"இத சாட்சியா எழுதிக்கோம்மா," என்றாள். "கால் போறது சொல்யூஷனாலதான். எனக்கும் மரத்துச்சி. குழாய் வெச்சப்புறந்தான் சரியாச்சி. மாயு கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன்."

வெளியே கஸ்தூரி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தீவின் மன்றம் ஆலைக்குக் குழாய் வைக்க உத்தரவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் ஷூ விலை ஏறிற்று. ஆம்பூரில் பாதிப்பு நீங்கியதாக அறிவிப்பு வந்து, மையத்தின் கதவை இழுத்து மூடினார்கள். தெருக்குழாயடியில் சலோமி வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கஸ்தூரி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "எங்க வயித்துல அடிச்சிட்டியேடி, உனுக்கே நாயமா இருக்குதா?"

மகள் பியூலா படிப்பைப் பாதியில் விட்டுப் பெட்டியோடு வந்தாள். கோபிப்பாள் என்று சலோமி எதிர்பார்த்தாள். அவளோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்ன சாட்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டாள். முதலில் எண்ணெய் தேய்க்கச் சொன்னதைச் சலோமி அவளிடம் சொல்லவில்லை.

"நீ பண்ணது சரிதாம்மா. நான் வேலைக்குப் போய்க்கினே படிச்சிக்கிறேன்."

சலோமி மெல்லக் கேட்டாள். "அந்தப் பொண்ணு காலு திரும்பி வந்துடுமா? நீ படிச்சவளாச்சே, சொல்லு."

"ஆரம்பத்துலயே அந்த எடத்த வுட்டு வந்திருந்தா முழுசா வந்திருக்கும். இவ்ளோ நாள் கழிச்சி, சொல்ல முடியாதும்மா. அவுங்களுக்கு எப்போ மரக்க ஆரம்பிச்சிது? உனுக்கு எப்போ தெரியும்?"

சலோமி சேலைத்தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.